பத்து நிமிசத்திலை கச்சேரி வைக்கப்போற பிள்ளைக்கு

பிள்ளை, நீ பல்கலைக்கழகத்துப் பாட்டுச் சோதினைக்குப் போறதை நீயாக வந்து எனக்குச் சொல்லேல்லை. கிருலப்பனைச் சந்தையிலை மரக்கறி விக்கிற மனிசி சொல்லித்தான் தெரியும். கொம்மா கிழமைக்குக் கிழமை வாங்கிற இஞ்சியைப் பாத்து, வீட்டிலை கலியாணமோ எண்டு அவ கேட்டிருக்கிறா. "இல்லை, மகள் பாடப்போறா" எண்டு கொம்மா சொன்னாவாம். இப்ப சந்தைக்கே தெரியும். வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவியிற மணம் உங்கட மூண்டாம் மாடியிலை இருந்து படியாலை இறங்கி வந்து, பாடவே தெரியாத எனக்கும் தொண்டையைத் திறந்து போட்டுது. திறந்த தொண்டையாலை நாலு கதை சொல்லாமல் விடலாமோ?

புத்தி சொல்ல இந்தக் கிழவனுக்கு என்ன தகுதி எண்டு நீ நினைப்பாய். நினை. நான் இணுவிலான். தவில்மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர். அந்த ஊரிலை பிறந்தவனெல்லாம் தவில் அடிப்பான் எண்டில்லை. நான் மேளச் செற்றோட ஒத்து ஊதித் திரிஞ்சவன். நாதஸ்வரக்காரருக்குப் பின்னாலை நிண்டு ஒரே சுரத்தை இரவிரவா ஊதுறதுதான் தொழில். கன்னத்துக்குள்ளை காத்தை அடைச்சு வைச்சுக்கொண்டு, மூக்காலை மூச்சை எடுத்து, சத்தம் அறாமல் ஊதோணும். சனம் நாதஸ்வரக்காரரைப் பாக்கும், தவில்காரரைப் பாக்கும். என்னை ஆரும் பாத்ததில்லை. நான் நிப்பாட்டினால்தான் திரும்பிப் பாப்பினம். பிறகு சுருதிப்பெட்டி வந்து என்ர சோத்திலை மண்ணைப் போட்டுது. இப்ப ரெலிபோனுக்குள்ளையே தம்புரா கிடக்கு. ஆனால் பிள்ளை, வாழ்நாள் முழுக்க ஒரு சுரத்திலை நிண்டவனுக்கு ஒரு வசதி இருக்கு. மற்றவை எங்கை வழுக்கினம் எண்டு வடிவாத் தெரியும்.

கொம்மா உனக்குப் போட்டிருக்கிற திட்டத்தையும் கேள்விப்பட்டனான். திறமான திட்டம். பிள்ளையார் துதி, அட தாள வர்ணம் ரெண்டு காலத்திலை, கல்யாணியிலை ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கற்பனாசுரம், கடைசியிலை ஒரு தில்லானா. எல்லாம் பத்து நிமிசத்துக்குள்ளை. மங்களத்தை மட்டும் ஏன் விட்டியள்? அதையும் போடுங்கோ. நடுவர்மாருக்கு எழும்பிப் போறதுக்கு ஒரு சாட்டு வேணுமெல்லே.

அங்கை என்ன நடக்கும் எண்டு சொல்லுறன், கேள். ரெண்டு மூண்டு பேர் கதிரையிலை இருப்பினம். அவைக்கு முன்னாலை ஆறிப்போன தேத்தண்ணி இருக்கும். விடிஞ்சதிலை இருந்து அதே வர்ணத்தை உன்னைப் போலப் பிள்ளையளிட்டைக் கேட்டுக் கேட்டு, அவையின்ர விரல் தானாத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். நீ போய் இருந்து, கண்ணை மூடி, "ஸா" எண்டு சுருதியோட சேரேக்கையே அவை ஒருத்தரை ஒருத்தர் பாத்திடுவினம். அதுக்குப் பிறகு நீ பாடுற கொஞ்ச நேரம் மரியாதைக்கு. பிறகு "காணும் பிள்ளை" எண்டுவினம். வெளியிலை யன்னலாலை எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிற கொம்மா அழத் துவங்குவா. நீ அழாதை. சோதினை அப்பதான் துவங்குது. ஒராள் ஒரு சுரக்கோவையைப் பாடி, அதைத் திருப்பிப் பாடு எண்டுவார். இன்னொராள் ஒரு ராகத்தை மெல்ல இழுத்துக் காட்டி, என்ன ராகம் எண்டு கேப்பா. இல்லாட்டி வர்ணத்தை நடுவிலை, சரணத்திலை இருந்து எடு எண்டுவினம். நீங்கள் வீட்டிலை போட்ட திட்டத்திலை இந்தச் சாமான் ஒண்டும் இல்லைக் கண்டியோ.

ஏன் இப்பிடிக் கேக்கினம்? அவை பாடகியைத் தேடேல்லை. பாடகி வேணுமெண்டால் ரேடியோவைத் திருப்பினால் காணும். நாலு வருசம் இருத்தி வைச்சுப் படிப்பிக்கக்கூடிய ஒரு காதைத் தேடினம். நீ வாயைக் கொண்டுபோகப் பாக்கிறாய்.

இன்னொண்டு. கொப்பர் லிஃப்டுக்குள்ளை காணுற ஆக்களுக்கெல்லாம் "மகளுக்கு மியூசிக் ஸ்கொலஷிப்" எண்டு சொல்லுறார். அமெரிக்காவிலை வயலின் வாசிச்சுக் காட்டினால் கல்லூரிக் கட்டணத்தைக் குறைப்பினமாம், அந்தக் கதையை ஆரோ அவருக்குச் சொல்லியிருக்கினம். இஞ்ச குறைக்கிறதுக்குக் கட்டணம் எங்கை இருக்கு? கன்னங்கராவின்ர புண்ணியத்திலை 1945 இலை இருந்து படிப்பு இலவசம். உனக்குக் கிடைக்கிற இடம்தான் உன்ர புலமைப்பரிசில். அதுக்கு மேலை மகாபொல எண்டு ஒண்டு, லலித் அத்துலத்முதலி 1981 இலை துவங்கினது. அது பாட்டைப் பாத்துத் தாறதில்லை, உயர்தரப் புள்ளியையும் கொப்பரின்ர வருமானத்தையும் பாத்துத் தாறது. கொப்பர் புதுக் கார் வாங்கினதை லிஃப்டுக்குள்ளை சொல்லுறதைக் கொஞ்சம் குறைச்சால் நல்லது.

இடம் எண்டால், தமிழிலை படிக்க ரெண்டு வாசல். ஒண்டு எங்கட பக்கம், மருதனார்மடம். இராமநாதன் துரையின்ர மருமகன் நடேசபிள்ளை 1960 இலை துவங்கின இராமநாதன் சங்கீதக் கழகம். மகாராஜபுரம் சந்தானம் கடல் கடந்து வந்து அங்கை அதிபரா இருந்தவர். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோட சேந்து, இப்ப பீடமாவே ஆகிப்போச்சு. மற்றது மட்டக்களப்பு, கல்லடி. 1982 இலை இசை நடனக் கல்லூரியா வந்து, பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குள்ளை போன சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். அந்த விபுலாநந்தர் ஆரெண்டு கொப்பருக்குச் சொல்லு. காரைதீவிலை 1892 இலை பிறந்து, லண்டன் பீ.எஸ்.ஸி. எடுத்து, விஞ்ஞானம் படிப்பிச்ச மனிசன். யாழ் எண்ட வாத்தியம் எப்பிடி இருந்திருக்கும், நரம்பின்ர நீளத்துக்கும் சுரத்துக்கும் என்ன கணக்கு எண்டு வருசக்கணக்கா இருந்து பாத்து, 1947 இலை "யாழ் நூல்" வெளிவந்த கையோட அந்த வருசமே கண்ணை மூடினவர். "சயன்ஸ் படிக்காமல் பாட்டுப் படிக்கிறாள்" எண்டு கொப்பர் பெருமூச்சு விடேக்கை, சயன்ஸ் படிச்சவரின்ர பேரிலைதான் அந்த வாசல் இருக்கு எண்டு ஞாபகப்படுத்து.

ரெண்டு வாசலிலும் செயன்முறைச் சோதினையைப் பல்கலைக்கழகம் வைக்கும். உள்ளுக்கு விடுறது மானியங்கள் ஆணைக்குழு. பாட்டிலை சித்தியெண்டு பேர் வந்தாலும், சித்தியடைஞ்ச ஆக்களுக்குள்ளை இசட் புள்ளியைப் பாத்துத்தான் எடுப்பினம். பாடுறன் பாடுறன் எண்டு மற்றப் பாடங்களைக் காத்திலை விட்ட பிள்ளையள், பாட்டிலை வெண்டு கணக்கிலை தோத்து நிண்ட கதை ஊரிலை உண்டு. அதைவிட, விளம்பரம் வாற நேரத்திலை பல்கலைக்கழகத்துக்கும் தனியா விண்ணப்பம் போடோணும். போட்டனியோ? கொம்மாவுக்கு இஞ்சி வாங்கத்தான் ஞாபகம் இருக்கும், நீதான் பாக்கோணும்.

சரி, பாட்டுக்கு வருவம். நீ 72 மேளகர்த்தாவையும் தலைகீழாச் சொல்லுவாய். 35 தாளமும் உனக்குப் பாடம். வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினையிலை எடுத்த சேட்டிபிக்கற் எல்லாத்தையும் பிளாஸ்ரிக் உறை போட்டுக் கோவையிலை வைச்சிருக்கிறாய். அட தாளத்துக்கு 14 அட்சரம் எண்டு நித்திரையிலும் சொல்லுவாய். ஆனால் போன ஞாயிறு அந்த வர்ணத்தை ரெண்டாம் காலத்திலை பாடேக்கை உன்ர கை 15 ஆவது அட்சரம் ஒண்டைக் கண்டுபிடிச்சுது. கொப்பர் கைதட்டினவர். நான் கீழை இருந்து எண்ணினனான்.

அதுக்கு ஒரு குருவைக் காட்டுறன். காசு வாங்காத குரு. பின்னேரத்திலை எங்கட ஒழுங்கைக்குள்ளை வாற சூன் பாண் ஓட்டோ. கிம்புலா பணிஸும் மாலுபாணும் விக்கிறதுக்கு அவர் போட்டுக்கொண்டு வாற மெட்டு ஆற்றை எண்டு நினைக்கிறாய்? பேத்தோவன் எண்ட ஜெர்மன்காரர், காது அடைபட்டுக்கொண்டு போன காலத்திலை, 1810 இலை எழுதின "ஃபூர் எலிஸ்". மனிசன் செத்து 40 வருசத்துக்குப் பிறகு, 1867 இலைதான் அது அச்சேறினது. இப்ப இலங்கையிலை அதைக் கேட்டால் பிள்ளையளுக்குப் பசிக்குது. இதைவிட என்ன விருது வேணும்?

நீ மேலை மோகனம் பாடிக்கொண்டிருப்பாய். ஓட்டோ திரும்பும். மோகனத்திலை மத்திமமும் இல்லை, நிஷாதமும் இல்லை எண்டு கொப்பியிலை சிவப்புப் பேனையாலை எழுதி வைச்சிருக்கிறாய். ஓட்டோக்காரர் ரெண்டையும் பாணோட சேத்துக் கொண்டுவந்து தாறார். நீயும் வாங்கிப் பாடுறாய். நீ உன்ர பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய், சுருதியை இல்லை. சுருதியிலை காது இருந்தால் ஓட்டோ என்ன, ஹைலெவல் வீதியாலை 138 பஸ் ரெண்டு ஓட்டப்போட்டி வைச்சுக் கோர்ண் அடிச்சாலும், களனிவெளி ரெயின் கூவிக்கொண்டு போனாலும் ஸா அசையாது. கொம்மா யன்னலுக்கெல்லாம் தடிச்ச சீலை தொங்கவிட்டு, பக்கத்துவீட்டுக் குழந்தை அழுதால்கூடப் போய்ச் சண்டை பிடிக்கிறா. வேண்டாமெண்டு சொல்லு. யன்னலைத் திற. பாண்காரர் வாற நேரம் பாத்து மோகனத்தை எடு. அவர் ஒழுங்கையை விட்டுப் போனாப் பிறகும் நீ நிண்ட இடத்திலை நிண்டால், சோதினை மண்டபத்திலை பக்கத்து அறையிலை ஆரோ மிருதங்கம் தட்டினதுக்கு நீ பயப்பட மாட்டாய்.

கட்டைக் கதையையும் சொல்லிப்போடுறன். உன்ர குரல் ஐஞ்சு கட்டையிலை சுகமா இருக்குது. அதுக்கு மேலை கொஞ்சம் ஏறினாலும் பாதகமில்லை. கொம்மா உன்னை ஆறரைக்கு ஏத்துறாவாம், ஏனெண்டால் வெள்ளவத்தையிலை அவவின்ர சிநேகிதியின்ர மகள் ஆறரையிலை பாடுறாளாம். சங்கீதத்திலையும் அடுக்குமாடி கட்டப் பாக்கினம். மேல் ஷட்ஜத்திலை உனக்குக் கழுத்து நரம்பு புடைக்குது. அந்தரத்திலை முகம் கோணுது. நடுவருக்கு உன்னைப் பாக்கப் பயமாயிருக்கும். எம். டி. இராமநாதன் எண்டு ஒரு பெரிய மனிசன், 1923 இலை பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர், கலாக்ஷேத்திராவிலை டைகர் வரதாச்சாரியாரிட்டைப் படிச்சவர். மற்ற ஆம்பிளையள் ஒரு கட்டையிலை பாட, அவர் அதுக்கும் கீழை இறங்கி, கிணத்துக்குள்ளை இருந்து வாறமாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல் பாடினவர். அவரைப் பிடிச்சு ஒரு கொம்மா மேலை ஏத்தியிருந்தால் எங்களுக்கு ஒரு பாட்டுக்காரர் குறைஞ்சிருப்பார், மெற்றாசிலை ஒரு தொண்டை டொக்ரருக்கு வருமானம் கூடியிருக்கும்.

நீ கோவத்திலை ஒருநாள் சொன்னனியாம், "என்ர பாட்டை மதிப்பிட அவை ஆர்?" எண்டு. நல்ல கேள்வி. இந்த நாட்டிலை அதை உன்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தர் கேட்டவர். சுனில் சாந்த. 1952 இலை ரேடியோ சிலோன் பாட்டுக்காரரைத் தரம் பிரிக்கிறதுக்கு லக்னோவிலை இருந்து பண்டிதர் ரத்தன்ஜங்கரைக் கூப்பிட்டுது. வட இந்திய சாஸ்திரிய சங்கீதத்திலை மலை. ஆனால் சிங்களப் பாட்டுக்கெண்டு ஒரு தனிப் பாதை வெட்டிக்கொண்டிருந்த சுனில் சாந்த, எங்கட பாட்டை அளக்க உங்கட முழக்கோல் எதுக்கு எண்டு சோதினைக்குப் போகவேயில்லை. ரேடியோ கதவைச் சாத்திப்போட்டுது. வருசக்கணக்கா அந்த மனிசனுக்கு அங்கை இடமில்லாமல் போச்சு. நாடே முணுமுணுத்த பாட்டுக்காரர்.

அவர் சரி எண்டுதான் நான் சொல்லுவன். அளக்க வந்தவர் எவ்வளவு பெரியவரெண்டாலும், அளக்கிற பொருளையும் பாக்கோணும். ஆனால் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு நீ வீட்டிலை இருக்கப் பாக்காதை. சுனில் சாந்த சும்மா மறுத்தவர் இல்லை. சாந்திநிகேதனிலை படிச்சு, பிறகு லக்னோவிலை பாத்கண்டேயின்ர கல்லூரியிலை விசாரத் பட்டம் எடுத்தவர். அந்தக் கல்லூரிக்கு அப்ப அதிபர் ஆர்? அதே ரத்தன்ஜங்கர். அவரின்ர சோதினையைப் பாஸ் பண்ணிப்போட்டு வந்து அவரின்ர சோதினையை மறுத்தவர். நீயும் மறு பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது? முதல் பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து மறு. இப்ப மறுத்தால் அது கொள்கை எண்டு ஒருத்தரும் சொல்லாயினம், பயம் எண்டுதான் சொல்லுவினம்.

இந்தியாவுக்கும் விண்ணப்பம் போடுறியள் எண்டு கேள்வி. போடுங்கோ. இந்தியக் கலாசார உறவுகள் பேரவை, மௌலானா ஆசாத் 1950 இலை துவக்கினது, சங்கீதம் நடனம் படிக்க வெளிநாட்டுப் பிள்ளையளுக்குக் கட்டணமும் கைச்செலவும் குடுத்துக் கூப்பிடுது. அந்தக் காலத்திலை எங்கட ஆக்கள் சிதம்பரத்துக்குக் கப்பலேறிப் போய், அண்ணாமலையிலை படிச்சு, பேருக்கு முன்னாலை "சங்கீதபூஷணம்" எண்டு போட்டுக்கொண்டு வந்து இறங்குவினம்; ஊரே சந்திக்குப் போய்க் கூட்டிவரும். இப்ப கப்பலுக்குப் பதில் வீடியோ. பாடினதைப் பிடிச்சு விண்ணப்பத்தோட அனுப்போணும். அதுக்குக் கொப்பர் ஸ்ரூடியோ பிடிச்சு, எக்கோ போட்டு, குரலுக்கு மா பூசி, பின்னாலை நீர்வீழ்ச்சியும் ஓடவிட்டிருக்கிறார். எனக்கும் போட்டுக் காட்டினவர். அதிலை பாடுற பிள்ளை திறமாப் பாடுறா. அவவுக்கு இடம் கிடைச்சால் ஆரைப் பிளேனிலை ஏத்தப்போறியள்? ஒரு பாய், ஒரு தம்புரா, யன்னல் வெளிச்சம். ரெலிபோனை ஒரு இடத்திலை நிப்பாட்டி வைச்சு, வெட்டாமல் ஒட்டாமல் பாடு. ஒரு இருமல் வந்தால் வரட்டும். மனிசப் பிள்ளை எண்டு நம்புவினம்.

ஆளைப் பிடிக்கிற வேலையும் நடக்குதெண்டு அறிஞ்சன். ஒரு விரிவுரையாளரின்ர மச்சானின்ர சிநேகிதனைக் கொப்பர் தேடிப் பிடிச்சு, தோசைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவராம். அந்தச் சிநேகிதனுக்கு நடுவரைத் தெரியும். நடுவருக்குத்தான் அவரைத் தெரியாது. தோசை நல்லதெண்டால் சரி, காசு வீண் போகேல்லை.

பட்டுச்சேலையைப் பற்றி ஒண்டும் சொல்லக்கூடாதெண்டு இருந்தனான். ஆனால் இதுவரைக்கும் சேலை கட்டிச் சம்மணம் கொட்டி இருந்து பாடாத பிள்ளை, அண்டைக்கு முதல்முதலாக் காஞ்சிபுரத்தை இறுக்கிச் சுத்திக்கொண்டு போய் இருந்தால் மூச்சு எங்காலை வரும்? சேலைக்கு மாக்ஸ் இல்லை. பழகின உடுப்பைப் போடு. இல்லாட்டி இண்டையிலை இருந்து வீட்டிலை அந்தச் சேலையோடையே பழகு. மருதனார்மடம் எண்டால் இரவு பஸ்ஸிலை ஏறாதை. 400 கிலோமீற்றருக்குக் கிட்ட, ஏசி குளிரிலை, விடிய விடியச் சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போய் இறங்கி, முகத்தைக் கழுவிப்போட்டுப் பாடினால் வாறது உன்ர குரலா இருக்காது. முதல்நாளே பகல் ரெயினிலை போ. சுன்னாகத்திலை கொம்மாவின்ர தங்கச்சி இருக்கிறா. அவவின்ர வீட்டிலை ஒடியல் கூழ் காய்ச்சுவினம், அது மட்டும் வேண்டாம், உறைப்பு. சோதினை முடியட்டும்.

"ஏன் பிள்ளை சங்கீதம் படிக்க விரும்புறாய்?" எண்டு அவை கேட்டாலும் கேப்பினம். அதுக்கு நீ பாடமாக்கி வைச்சிருக்கிற மறுமொழி படியிலை எனக்குக் கேட்டுது. தமிழரின்ர தொன்மையான இசை மரபை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்போறியாம். மரபு உன்னட்டை வந்து கேட்டதே? பின்னுக்கு நிக்கிற பெட்டையும் அதையேதான் சொல்லப்போறாள். மொட்டைமாடியிலை உடுப்புக் காயப்போடேக்கை நீ உன்ர பாட்டிலை ஒரு கரகரப்பிரியாவை முணுமுணுப்பாய் பார், ஆரும் கேக்கேல்லை எண்டு நினைச்சு. தாளமும் இல்லை, சேட்டிபிக்கற்றும் இல்லை. நான் ரெண்டு மூண்டு தரம் படியிலை நிண்டு கேட்டனான், முழங்கால் நோவுக்கு நிண்டதெண்டு சொல்லிக்கொண்டு. ஒரு இடத்திலை கூட வழுக்கேல்லை. உடுப்புக் காயப்போடேக்கை பாடாமல் இருக்க ஏலாது, அதாலை வந்தனான் எண்டு சொல்லு. சிரிப்பினம். சிரிச்ச நடுவர் பேனையை எடுக்கேக்கை கை கொஞ்சம் இளகும்.

போறதுக்கு முதல் கொம்மாவிட்டைச் சொல்லி, மிச்சம் கிடக்கிற இஞ்சியிலை பாதியைக் கீழை அனுப்பு. எனக்குப் பிளேன் ரீக்கு இல்லாமல் கிடக்கு. திரும்பி வரேக்கை சுன்னாகம் சந்தையிலை ஒரு தட்டுப் பினாட்டு, நல்ல பதமாப் பாத்து. காசை இப்ப தரமாட்டன். முதல் மகாபொல வரட்டும், அதிலை கழிச்சுக்கொள்ளு. அது எப்ப வரும் எண்டு ஆருக்கும் தெரியாது, நானும் அவசரப்படேல்லை.